நிழலும் வெளியும்: உடவத்தகெலேயும் வங்காலையும்

வலசைப் பறவைகளைப் பார்க்க வேண்டும் என்றால் இலங்கையில் பெரும்பாலோர் மன்னாருக்கோ பூந்தலைக்கோ புறப்படுவார்கள். கண்டியில் இருப்பவர்களும் அப்படித்தான். தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் உடவத்தகெலேக் காட்டை அவர்கள் காலைநடைக்கும் குளிர்நிழலுக்கும் உரிய இடமாகவே எண்ணுகிறார்கள். ஆனால் செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் காடும் மன்னாரின் வங்காலைச் சரணாலயமும் ஒரே கடமையைச் செய்கின்றன. வடக்கே பனி இறங்கும்போது புறப்பட்டு, மத்திய ஆசியப் பறக்கும் பாதையின் தென்முனைக்கு வந்துசேரும் பறவைகளுக்கு இரண்டும் உணவும் ஓய்வும் தருகின்றன. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் முதலில் வேறுபாடுகளே கண்ணில் படும். சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் எதிர்பாராத உறவுகள் ஒவ்வொன்றாக வெளிப்படும்.

அளவிலிருந்தே தொடங்கலாம். உடவத்தகெலே ஏறத்தாழ 104 ஹெக்டயர். வங்காலை 4,839 ஹெக்டயர். ஒன்று மற்றதைவிட 46 மடங்கு பெரிது. ஒன்று கடல்மட்டத்திலிருந்து அறுநூறு மீற்றரையும் தாண்டும் மலைமுகடு. மற்றது கடலோடு கலந்து கிடக்கும் தட்டை நிலம். காட்டுக்கு இரு பருவக்காற்றும் மழை தருகின்றன. ஆண்டு முழுதும் தரை ஈரம் காய்வதில்லை. வங்காலைக்கு வடகீழ்ப் பருவக்காற்றே கதி. ஓகஸ்டில் வெடித்துக் கிடக்கும் களப்புத்தரை டிசெம்பரில் நீர்ப்பரப்பாகிவிடும். 1856 இல் ஒதுக்கக் காடாகவும் 1938 இல் சரணாலயமாகவும் உடவத்தகெலே அறிவிக்கப்பட்டது. வங்காலை 2008 இல் சரணாலயமாகி, 2010 இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

வந்து தங்கும் பறவைகளும் வேறு உலகத்தவை. வங்காலைக்கு வருபவை நீரையும் சேற்றையும் நம்பியவை: ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, நீலச்சிறகி, கருவால் மூக்கன், குதிரைமலைக் கோட்டான், பலவகை உள்ளான்கள், ஆலாக்கள், பூநாரைகள். உடவத்தகெலேக்கு வருபவை மரத்தையும் சருகையும் நம்பியவை: ஆறுமணிக் குருவி, பழுப்பு ஈப்பிடிப்பான், கொடிக்கால் வாலாட்டி, பழுப்புக் கீச்சான், இலைகளுக்கிடையே இலையாகவே திரியும் பச்சைக் கதிர்க்குருவி. முதல் வரிசையில் பல, சைபீரியாவின் ஈரநிலங்களிலும் ஆர்க்டிக் தூந்திரத்திலும் கூடு கட்டுபவை. இரண்டாம் வரிசையில் பல, இமயத்தின் சரிவுகளிலும் அதன் அடிவாரக் காடுகளிலும் குஞ்சு பொரிப்பவை.

பார்ப்பவரிடம் இவ்விரு இடங்களும் கேட்கும் திறன்களும் வெவ்வேறு. வங்காலை கண்ணுக்கு உரிய நிலம். மதவாச்சி - தலைமன்னார் வீதி களப்புகளை ஊடறுத்துச் செல்லும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தினால் ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே வட்டத்துக்குள் வந்துவிடும். அங்கே சிக்கல் மிகுதியால் வருவது: ஒரே சாம்பல் நிறத்தில் நிற்கும் நூறு உள்ளான்களில் எது எந்த இனம் என்று அலகின் வளைவையும் காலின் நீளத்தையும் வைத்துப் பிரிக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் கானல் எழுந்துவிட்டால் நல்ல கண்ணாடியும் உதவாது.

உடவத்தகெலே காதுக்கு உரிய நிலம். புஸ்வெல் எனப்படும் பெருங்கொடிகள் மரத்துக்கு மரம் தாவிக் கிடக்கும் அந்த இருளில், ஒரு காலை முழுதும் நடந்தாலும் கண்ணில் படுபவை சிலவே. அங்கே சிக்கல் இன்மையால் வருவது: ஒரு சீழ்க்கை, ஒரு கிளையசைவு, அதற்குப் பிறகு நீண்ட மௌனம். ஆறுமணிக் குருவி விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரங்களில் கூவும். அந்தக் கூவலைக் கேட்டவர்களில் பாதிப்பேர் அந்தப் பறவையைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒன்பது வண்ணம் கொண்ட பறவை என்று வட இந்தியாவில் புகழப்படும் ஒன்று, சருகுக்கு மேல் இரண்டடி நகர்ந்தால் நிழலுக்குள் மறைந்துவிடுகிறது.

வாழும் முறையிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. வங்காலையின் வாத்துகளுக்கும் கரைப்பறவைகளுக்கும் கூட்டமே காப்பு. பருந்தின் நிழல் விழுந்ததும் ஆயிரம் சிறகுகள் ஒன்றாய் எழும். நீரும் சேறும் அவற்றுக்குப் பொதுச்சொத்து. உடவத்தகெலேயின் விருந்தினர்களோ தனியர். பழுப்புக் கீச்சான் குளிர்காலத்திலும் தனக்கென ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, பக்கத்துக் கீச்சானைக் கத்தி விரட்டும். ஆறுமணிக் குருவியின் கூவலிலும் ஓர் உரிமைக்குரல் இருக்கிறது. இனப்பெருக்கமே நிகழாத ஊரில், ஆறு மாதத் தங்கலுக்காகச் சில மரங்களின் அடியைத் தனதாக்கிக்கொள்ளும் பிடிவாதம் அது. ஒரு பக்கம் பொதுநிலம். மறுபக்கம் வேலியிட்ட குறுநிலங்கள். இருந்தும், இரு வகையினரிலும் பலர் அடுத்த ஆண்டு தாம் விட்டுச்சென்ற அதே இடத்துக்குத் திரும்புவதை வளையமிட்டு ஆராய்ந்தவர்கள் உலகின் பல இடங்களில் உறுதிசெய்திருக்கிறார்கள்.

வேறுபாடுகளை இவ்வளவு அடுக்கிய பிறகு இரு பறவைகளைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வங்காலையின் சேற்றில் ஒரு கருவால் மூக்கன் நிற்கிறது. நீண்ட நேரான அலகைக் கண்வரை சேற்றுக்குள் செருகுகிறது. அந்த அலகின் நுனியில் தொடுவுணர்வு செறிந்திருக்கிறது. அடிப்பகுதியைத் திறக்காமல் நுனியை மட்டும் சேற்றுக்குள்ளேயே விரித்து, கண்ணால் காணாத புழுவைக் கவ்வ அதனால் முடியும். உடவத்தகெலேயில் ஓர் ஆறுமணிக் குருவி நிற்கிறது. தத்தித் தத்தி இரண்டடி வைக்கிறது. தலையைச் சாய்த்து நிற்கிறது. பிறகு அலகால் ஒரு சருகைப் புரட்டி எறிந்து, அடியில் நெளியும் மண்புழுவை இழுக்கிறது. ஒன்று வெயிலில், மற்றது நிழலில். ஒன்றின் கால் நெட்டை, மற்றதன் வால் கட்டை. ஆனால் தொழில் ஒன்றே. இரண்டும் மேற்பரப்புக்குக் கீழே மறைந்திருக்கும் உயிரைத் தேடி எடுக்கின்றன.

இந்த ஒற்றுமையிலிருந்து ஒரு பெரிய ஒற்றுமை பிறக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்துவந்த உடலை மீண்டும் தேற்றுவது இரு இடங்களிலும் மக்கிய பொருளே. வங்காலையில் கண்டல் இலையும் பாசியும் கடற்புல்லும் மக்கிச் சேறாகின்றன. அந்தச் சேற்றில் புழுவும் சிப்பியும் பெருகுகின்றன. உடவத்தகெலேயில் இலைகள் விழுந்து மக்கி உரமாகின்றன. அந்த உரத்தில் மண்புழுவும் வண்டும் கறையானும் பெருகுகின்றன. நாம் பார்த்து வியப்பது நீர்ப்பரப்பையும் மரவிதானத்தையும். பறவைகளை வாழவைப்பது சேறும் சருகும். புகலிடத்தின் உயிர்நிலை நம் காலடியில் இருக்கிறது என்பதை இரண்டும் ஒரே குரலில் சொல்கின்றன.

அடுத்த உறவு இன்னும் வியப்பூட்டுவது. இரு இடங்களிலும் விருந்தினரும் வீட்டாரும் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிறார்கள். அரசவால் ஈப்பிடிப்பானை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் நிலையாக வாழும் கிளையினத்தின் ஆண், முதுமையிலும் செம்பழுப்பாகவே இருக்கும். இந்தியாவிலிருந்து குளிர்காலத்தில் வரும் கிளையினத்தின் முதிர்ந்த ஆண் தூய வெள்ளை. ஆகவே கண்டியின் மரநிழலில் ஒரு வெள்ளை நாடாவால் அசைந்தால், அது கடல் கடந்து வந்தது என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம்.

வங்காலைப் பக்கம் இதே கதை சிறு உப்புக்கொத்திகளில் நிகழ்கிறது; ஆனால் அங்கே நிறம் இவ்வளவு எளிதில் காட்டிக்கொடுப்பதில்லை. மன்னார்க் கரையில் ஆண்டு முழுதும் வாழ்ந்து முட்டையிடும் சிறு உப்புக்கொத்தியை, வடக்கிலிருந்து வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளையினமாகவே நெடுங்காலம் கருதிவந்தார்கள். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு அறிஞர்களும் மரபணுவை ஒப்பிட்டு, இரண்டும் ஏறத்தாழ 12 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை என்று 2023 இல் காட்டினார்கள். அலகும் வாலும் சிறகும் சற்றே குட்டையான உள்ளூர்ப் பறவை இப்போது தனி இனம். தென்னிந்தியாவையும் இலங்கையையும் வாழ்விடமாகக் கொண்ட அதற்கு அனுமனின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. மலைக்காட்டில் நிறம் சொன்ன செய்தியைக் கடற்கரையில் மரபணு சொன்னது.

நிலையாக வாழும் பறவைகளைப் பார்த்தால் ஒரு நேர்த்தியான எதிரொழுங்கு தெரிகிறது. உடவத்தகெலேயில் மஞ்சள்நெற்றிக் குக்குறுவான், லேயார்டின் கிளி, பழுப்புத்தலைச் சிலம்பன், இலங்கைச் சின்னக்கிளி ஆகியவை வாழ்கின்றன. இவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. மன்னாரில் கவுதாரி, கள்ளிப்புறா, இரட்டைவால் குருவி எனப்படும் கரிச்சான் ஆகியவை வாழ்கின்றன. இவை இந்தியா முழுதும் மலிந்திருந்தும் இலங்கையில் வடக்கை விட்டுப் பெரிதும் இறங்காதவை. காடு இலங்கையின் தனித்தன்மையைக் காக்கிறது. களப்பு இந்தியாவுடனான தொடர்ச்சியைக் காக்கிறது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து சேரும்போது இரண்டுமே விரிந்த உலகத்தின் பகுதியாகிவிடுகின்றன. 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தினர் மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தி விட்ட ஒரு கடற்காகம், ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையிலுள்ள யமால் தீபகற்பம்வரை போய்த் திரும்பியது. போகவர 19,000 கிலோமீற்றருக்கும் மேல். இருளில் தனித்துப் பறக்கும் ஆறுமணிக் குருவிக்கு அத்தகைய துல்லிய வரைபடம் கிடைப்பது கடினம். கருவியைத் தாங்க அதன் உடல் மிகச் சிறிது. எனினும் பாக்கு நீரிணையின் குறுகிய நீர் அதற்கும் கடக்க வேண்டிய கடைசித் தடையே.

அந்த நீரிணையைக் கடந்தவர்கள் பறவைகள் மட்டுமா? கண்டியையும் மன்னாரையும் சேர்த்து எழுதும் தமிழர் எவரும் இந்த இடத்தைத் தாண்டிச் செல்ல முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்டவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளை வழியாகக் கண்டி மலைகளுக்குக் கால்நடையாகவே வந்தார்கள். வழியிலே கொள்ளைநோய்க்கும் பட்டினிக்கும் இறந்தவர்கள் பல்லாயிரம். காப்பிக் காலத்தில் அவர்களில் பெரும்பாலோர் அறுவடைக்கு வந்து, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். 1869 இல் இலைநோய் காப்பியைத் தாக்கியது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க ஆள் தேவைப்பட்டதால் பருவந்தோறும் வந்து போனவர்கள் மலையகத்தின் நிலைத்த மக்களானார்கள். மனிதரின் துயரைப் பறவையின் பயணத்தோடு சமப்படுத்துவது தகாது. பறவைக்கு வழியில் கங்காணியும் இல்லை, கடனும் இல்லை. ஆனால் பாதை ஒன்றே என்பது வரலாறு. இன்றைக்கும் கண்டியிலிருந்து ஏ-9 வீதியில் மதவாச்சிக்கும், அங்கிருந்து ஏ-14 வீதியில் மன்னாருக்கும் பயணிப்பவர் அந்தப் பாதையின் பெரும்பகுதியை எதிர்த்திசையில் கடக்கிறார்.

பார்க்க உதவும் பாதைகளும் அந்தக் காலத்து எச்சங்களே. உடவத்தகெலேயில் நாம் நடக்கும் வழிகள் ஆளுநர்களின் மனைவியர் பெயரைத் தாங்கியவை. லேடி ஹோர்ட்டன், லேடி மெக்கார்த்தி முதலானோர் உலவுவதற்காகப் போடப்பட்டவை. வங்காலையில் நாம் நின்று பார்க்கும் கரைகள் வீதிக்கும் இரயிலுக்குமாகக் களப்பின் குறுக்கே எழுப்பப்பட்டவை. தலைமன்னார் இரயில் 1914 இல் இந்தியாவோடு கப்பல் தொடர்பு கொள்ள வந்தது. 1990 இல் போரால் நின்றது. 2015 இல் மீண்டும் ஓடியது. ஒரு பாதை உல்லாசத்துக்கும் மற்றது போக்குவரத்துக்கும் பிறந்தது. இரண்டில் எதையும் பறவைக்காக எவரும் போடவில்லை. இன்று இரண்டுமே பறவை பார்ப்பவரின் கருவிகளாகிவிட்டன.

பாதுகாப்பின் வரலாற்றிலும் இப்படியொரு இணை உண்டு. கண்டி அரசர் காலத்தில் உடவத்தகெலே அரண்மனைக்கு மேலுள்ள அரச தோட்டம். பொதுமக்கள் நுழையத் தடை இருந்தது. அந்தத் தடைதான் நகரம் காட்டை விழுங்காமல் காத்த முதல் வேலி. வங்காலையைச் சுற்றிய நிலத்தில் மக்கள் நடமாட்டத்தைக் குறைத்தது போர். அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; ஊரைவிட்டு ஓடியவர்களின் வலியில் விளைந்த வெறுமை அது. ஒன்று அதிகாரம் போட்ட தடை, மற்றது அச்சம் போட்ட தடை. இரண்டும் இன்று இல்லை. உடவத்தகெலேக்கு நுழைவுச்சீட்டும் வாயிலும் உண்டு. வங்காலைக்கு வாயிலே கிடையாது. மீனவர் வலையும் மேய்ச்சல் மாடும் வீதியின் இரைச்சலும் பறவைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. தடையால் காக்கப்பட்டவற்றை இனிப் புரிதலால் காக்க வேண்டிய நிலைக்கு இரண்டும் வந்திருக்கின்றன.

அப்புரிதலுக்கு அருகிலேயே துணை இருக்கிறது. உடவத்தகெலேக்குக் கீழே தலதா மாளிகை. காட்டுக்குள்ளே பௌத்தத் துறவியரின் ஆசிரமங்கள். ஜெர்மனியில் பிறந்த ஞானபோனிக தேரர் 1950-களிலிருந்து 1994 இல் மறையும்வரை அங்கேதான் வாழ்ந்து எழுதினார். வங்காலைக்கு அருகே திருக்கேதீச்சரமும் அதன் பாலாவித் தீர்த்தமும்; இன்னொரு பக்கம் கத்தோலிக்க மீனவரின் ஊர். உயிரிரக்கத்தை அறமாகப் போற்றும் மரபுகள் இரு எல்லைகளிலும் குடியிருக்கின்றன. இந்த அயலவரை விட்டுவிட்டு, அரச அறிவித்தலை மட்டும் நம்பிச் சரணாலயம் நிலைக்காது.

இன்றைய ஆபத்துகளும் இரட்டையாகவே வருகின்றன. ஒக்டோபரில் களைத்து வந்திறங்கும் ஆறுமணிக் குருவி வீட்டுக்குள் புகுவதும் யன்னற்கண்ணாடியில் மோதி விழுவதும் இலங்கையில் பலர் கண்ட காட்சி. காட்டைச் சூழ்ந்து எழும் கட்டடங்களின் கண்ணாடியில் பறவைக்குத் தெரிவது மரங்களே. அங்கே சுவர் இருப்பது தெரியாது. வங்காலையில் அந்த வேலையைக் கம்பி செய்கிறது. களப்பின் குறுக்கே செல்லும் மின்கம்பிகள், மங்கிய ஒளியில் தாழப் பறக்கும் பூநாரைக்குத் தெரிவதில்லை. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 இல் எழுந்த தம்பபவனியின் 30 காற்றாலைகளும், அவற்றுக்குப் பின் வரக்கூடியவையும், அதே கேள்வியைப் பெரிதாக்குகின்றன. கண்ணாடி, கம்பி: இரண்டும் நமக்கு வெளிச்சம் தர வந்தவை, இரண்டும் பறவையின் கண்ணுக்குத் தப்புபவை.

காலடியில் நேரும் சேதமும் இரட்டையே. உடவத்தகெலேயில் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட பெரு பால்சமும் மஹோகனியும் தாமே பரவி நாட்டு மரக்கன்றுகளை நெருக்குகின்றன. அலங்காரச் செடியாக வந்த ஒரு படர்கொடி காட்டுத் தரையை மூடுகிறது. மூடிய தரையில் சருகைப் புரட்ட முடியாது. வங்காலையில் மழைநீர் வந்துசேரும் வழியை ஓர் அணையோ மண்மேடோ அடைத்தால் சேறு உப்பேறிக் காய்ந்துவிடும். கடல் வற்றுப்பெருக்கு இங்கே ஒரு மீற்றருக்கும் குறைவு. கடல் வந்து அந்தக் குறையை நிரப்பாது. காய்ந்த சேற்றில் அலகு இறங்காது. காட்டின் பரப்பும் களப்பின் பரப்பும் வரைபடத்தில் அப்படியே இருக்க, பறவையின் சோற்றுத்தட்டு மட்டும் வெறுமையாகிவிட முடியும்.

ஆக, எது மேலான புகலிடம்? எண்ணிக்கையை அளவுகோலாக்கினால் வங்காலைக்கு எதிர்நிற்க உடவத்தகெலேயால் முடியாது. ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு களப்புகளைத்தான் எண்ணுகிறது. இலைக்குள் மறையும் கதிர்க்குருவியை அப்படி எண்ண வழியில்லை. அடர்த்தியையும் அருமையையும் அளவுகோலாக்கினால், ஒரு நகரத்தின் நடுவே 104 ஹெக்டயரில் இமயத்தின் விருந்தினரையும் இலங்கைக்கே உரிய இனங்களையும் ஒரே மரத்தில் வைத்திருக்கும் காட்டுக்கு எதிர்நிற்க வங்காலையால் முடியாது. என் தராசில் முள் நடுவிலேயே நிற்கிறது. எண்ண முடிந்ததைக் காக்கச் சட்டமும் உடன்படிக்கையும் இருக்கின்றன. 2024 இல் சமர்கந்தில் கூடிய நாடுகள் மத்திய ஆசியப் பறக்கும் பாதைக்கென ஒரு கூட்டு முயற்சிக்கும் இணங்கியிருக்கின்றன. எண்ண முடியாததைக் காக்க அந்த ஊரார் கேட்டுப் பழகிய காதுதான் இருக்கிறது.

இதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும் என்கிறேன். கண்டியின் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பெப்ரவரியில் வங்காலையின் கரையில் நின்றால் மிகுதி என்றால் என்ன என்று அறிவார்கள். மன்னாரின் பிள்ளைகள் அதே பெப்ரவரியில் உடவத்தகெலேயின் நிழலில் அரைமணி நேரம் பேசாமல் நின்றால், ஒற்றைக் குரலுக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று அறிவார்கள். வலசைப் பாதை ஒரு நாட்டின் எல்லைக்குள் அடங்காதது போலவே ஒரு வகை நிலத்துக்குள்ளும் அடங்காது. சேற்றைக் காத்துச் சருகை இழந்தால் பாதி விருந்தினரை இழப்போம். சருகைக் காத்துச் சேற்றை இழந்தால் மறுபாதியை. இந்தத் தீவின் விருந்தோம்பலுக்கு இரண்டு வாசல்கள் உண்டு; அடுத்த செப்டெம்பரில் இரண்டும் திறந்திருக்க வேண்டும்.